கூட்டு மெஷின்

“இன்னொரு வாட்டி களவாணின்னு சொல்லு பாப்போம். வாயக் கிழிச்சிப்புடுவேன், மயிலு!”

“சொல்லுவேன்டி! களவாணி, களவாணி! வா, வந்து கிழி!”

“எம்மவன் ஒன் வூட்டுக் கோழியப் புடிச்சானா? குண்டானத் தூக்கிட்டு ஓடுனானா? ஒரு பேரத்தான கம்ப்யூட்டர்ல அடிச்சான் லா? ஒன் வூட்டு மாட்டுப் பேரு!”

“அந்தப் பேரால தான்டி எம்பொண்ணு படிப்பே நின்னு போச்சு!”

சிரம்பான் பக்கம், லாபுவுக்கு உள்ளே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில், மயிலம்மாள் வீட்டுக்கும் ராக்கம்மா வீட்டுக்கும் நடுவே ஒரு சின்ன லொங்காங் ஓடுகிறது. மழைத் தண்ணீரும் வடித்த கஞ்சியும் போகிற சாக்கடைதான். ஒரு காலை எட்டி வைத்தால் தாண்டிவிடலாம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இந்தக் கரையில் ஒருத்தி, அந்தக் கரையில் ஒருத்தி. அரைநாள் வேலை முடிந்து ஆண்பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் ஒவ்வொரு வீடாக ரேடியோவின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நான் என் வீட்டு ரேடியோவை அணைத்தே விட்டேன். அப்படி ஒன்றும் நல்ல பாட்டு ஓடவில்லை.

ராக்கம்மா மூத்தவள். இத்தனை வருஷமாக மயிலம்மாள் அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். அது ‘டி’ ஆனபோதே இது சாயங்காலத்துக்குள் ஆறுகிற சண்டை இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து ராக்கம்மா விறுவிறுவென்று உள்ளே போய், தன் வீட்டு ஆணியில் தொங்கிய மயிலம்மாள் வீட்டுச் சாவியை எடுத்துவந்து லொங்காங்குக்கு அந்தப் பக்கம் வீசினாள். எங்கள் லயத்தில் அவரவர் சாவி அவரவர் வீட்டில் இருக்காது. பால்வெட்டுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். மழை வந்தால் துணி எடுக்கவும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வந்தால் சோறு போடவும் யாராவது ஒருத்தி உள்ளே போகத்தானே வேண்டும்? சாவியைத் திருப்பி வீசுவது எங்கள் பக்கத்தில் செருப்பை வீசுவதைவிடக் கேவலம். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ‘ஐயோ’ என்றோம்.

விஷயம் இதுதான். புஷ்பராணி மயிலம்மாளின் ஒரே மகள். அப்பா சன்னாசி மண்டோர். வெட்டுக்காரர்களை மேய்ப்பது அவர் வேலை; பழக்கதோஷத்தில் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் தலைகளை எண்ணிவிட்டுத்தான் இலையில் கை வைப்பார். புஷ்பராணி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, சிரம்பானில் படித்து, கோலாலம்பூர் போகிற வழியில் உள்ள பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கினாள். வாங்கியவள் வேலைக்குப் போகாமல், உதவித்தொகை கிடைத்தது என்று அங்கேயே மேல்படிப்புக்கு உட்கார்ந்துவிட்டாள். என்ன படிப்பு என்று கேட்டதற்கு, ரப்பர் பாலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீள நீளச் சங்கிலிகள் இருக்கின்றன, அவை எப்படிப் பின்னிக்கொள்கின்றன, இழுத்தால் ஏன் திரும்பி வருகின்றன என்று பார்க்கிறேன் என்றாள்.

“நாங்க காலமெல்லாம் மரம் வெட்டுறோம். எங்களக் கேட்டிருக்கலாமே” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒங்களுக்குத் தெரியுமா மாமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதான் மெஷினக் கேக்கப் போறேன்.”

அந்த மெஷின்தான் எல்லாவற்றுக்கும் காரணம். சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டால் அவள் கணக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகுமாம். பல்கலைக்கழகத்தில் பல கம்ப்யூட்டர்களை வயரால் கோத்து ஒன்றாக வேலை செய்ய வைத்திருந்தார்கள். கிளஸ்டர் என்று அவள் சொல்வாள். எங்கள் வாயில் அது கூட்டு மெஷின் ஆயிற்று. எல்லாத் துறைக்கும் அது ஒன்றுதான். அதில் நுழைய அனுமதி வாங்குவது துரை பங்களாவுக்குள் நுழைவதைவிடக் கஷ்டம். பேராசிரியர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, அதற்கு மேலே ஒரு கமிட்டி. இந்தக் கணக்குக்கு இவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்டு ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்து இடம் மாறியிருக்கிறது என்று இன்னொரு தடவை. கடைசியில் கிடைத்த அன்று சன்னாசி அண்ணன் முனியாண்டி கோயிலில் தேங்காய் உடைத்தார். நிலம் வாங்கியவன்கூட அப்படி லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருக்க மாட்டான்.

மெஷினுக்குள் போக அவரவர் பெயரை அடிக்க வேண்டும். பிறகு ஒரு ரகசியச் சொல். பெயர் ஊருக்கே தெரிந்தது, சொல் அவளுக்கு மட்டும் தெரிந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் போன தீபாவளிக்கு வந்தபோது புஷ்பராணி அம்மாவோடு முறுக்குப் பிழிந்துகொண்டே, தினமும் காலையில் நம் ராசாத்தி பெயரைத்தான் அடிக்கிறேன் என்று சிரித்தபடி சொல்லிவிட்டாள். ராசாத்தி அவர்கள் வீட்டு மாடு. மயிலம்மாளுக்கு மனசு கொள்ளவில்லை. முறுக்கு ஆறுவதற்கு முன்பே லயத்தில் இறங்கிவிட்டாள். “எம்பொண்ணு அவ்ளோ பெரிய எடத்துல காலையில மொத காரியமா எங்க மாட்டுப் பேரத்தான் எழுதுறா!” கோயிலில் சொன்னாள், கடையில் சொன்னாள், பால் அளக்கிற கொட்டகையில் சொன்னாள். அந்த வாரம் ராசாத்தியின் நடையிலேயே கொஞ்சம் தலைக்கனம் தெரிந்தது. எங்களுக்கு ரகசியம் என்றால் காதோடு காதாகச் சொல்வது. இவ்வளவு சத்தமாகச் சொல்லப்பட்டதை யார் ரகசியம் என்று நினைப்பார்கள்?

ராக்கம்மாவின் மகன் அர்ச்சுனனும் அதே பல்கலைக்கழகம், பொறியியல், கடைசி வருஷம். காற்றடித்தால் பாலம் எவ்வளவு ஆடும் என்பது அவன் கணக்கு. கூட்டு மெஷினில் போட்டால்தான் முடியும். முதல் பட்டம் படிக்கிறவர்களுக்கு அங்கே அனுமதியே கிடையாது. அவன் எழுதிக் கேட்டதைப் படிக்காமலே திருப்பிவிட்டார்கள். விரிவுரையாளரைக் கேட்டால், எப்படியாவது முடி என்றாராம். பையனுக்கு மாட்டின் ஞாபகம் வந்துவிட்டது. தன் துறையில் உட்கார்ந்து புஷ்பராணி பெயரை அடித்தான், ராசாத்தி பெயரை அடித்தான், கதவு திறந்தது. இவன் கணக்கில் எங்கோ பிழை. அது நிற்காமல் எண்களை எழுதித் தள்ளி, அவளுக்கு ஒதுக்கிய இடத்தையெல்லாம் அடைத்துவிட்டது. வாரக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த அவள் கணக்கு, எழுத இடமில்லாமல் செத்துப்போனது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு கட்டடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அதிகாரி, புஷ்பராணியின் கதவை மூடிவிட்டு, திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லிவிட்டார். இரண்டாவது கட்டடம் பொறியியல் துறை என்றதுமே புஷ்பராணிக்கு ஆள் யாரென்று புரிந்துவிட்டது.

சொல்லை வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தால் அனுமதி நிரந்தரமாகப் போகும் என்பது அங்கே சட்டம். திருடப்பட்டது என்றால் திருடின ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும். மெஷின் இல்லாவிட்டால் புஷ்பராணிக்கு மேல்படிப்பு இல்லை. உதவித்தொகையும் அந்த வருஷத்தோடு முடிகிறது. அர்ச்சுனன் பெயரைச் சொன்னால் அவன் கடைசிப் பரீட்சை எழுத முடியாது. இரண்டு பிள்ளைகளில் ஒன்றுதான் கரை ஏறும் என்று இரண்டு அம்மாக்களும் முடிவுகட்டிவிட்டார்கள். லொங்காங்கின் இரு கரையிலும் அதுதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

சண்டை இரண்டாவது தடவை சூடு பிடித்த நேரத்தில் புஷ்பராணியே வந்து சேர்ந்தாள். முதல் நாளே தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி மண் ரோட்டில் நடந்து வந்த முகம் சிவந்து கிடந்தது.

“சத்தம் ஆபீஸ் முக்கு வரைக்கும் கேக்குதும்மா.”

ராக்கம்மாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “புஷ்பா, நீ எங் கையால சோறு தின்ன புள்ள. எம்மவன் பேர மட்டும் சொல்லிப்புடாத தாயி.”

“சொல்லு! நல்லா சொல்லு!” என்றாள் மயிலம்மாள். “அவன் ஒரு வார்த்த கேட்டிருந்தா எம்பொண்ணு குடுத்திருக்க மாட்டாளா?”

“குடுத்திருக்க மாட்டேன்மா.”

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். லயமே பார்த்தது.

“அது நம்ம வூட்டுச் சாவி இல்லம்மா. அடுத்த ஆளு உள்ள போகவே கூடாது. அவ்ளோதான் அதோட சட்டம். நீ யாருகிட்டல்லாம் சொன்ன?”

மயிலம்மாள் வாயைத் திறந்து, லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள். வாசலில் நின்ற எங்களுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிட்டது. நான் காய்ந்த துணியை ஒரு தடவை உதறினேன்.

“யாருகிட்ட சொல்லலன்னு கேளு. சீக்கிரம் முடிஞ்சிரும்” என்று சன்னாசி அண்ணன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

மயிலம்மாள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வாசலுக்கே வரவில்லை. ராக்கம்மாவோ வார விடுமுறைக்கு வந்திருந்த மகனை வீட்டுக்குள் போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடமாடினாள். சாயங்காலம் மயிலம்மாள் புருஷனிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: “நாளைக்கு நானும் வர்றேன்.”

எங்கள் தோட்டத்தில் தப்புச் செய்தவன் தனியாக ஆபீசுக்குப் போவதில்லை. மண்டோர் கூட்டிக்கொண்டு போய், துரை முன்னால் நின்று, “நம்ம ஆளு, நான் பொறுப்பு” என்று சொல்ல வேண்டும். சன்னாசி அண்ணன் எத்தனையோ பேருக்கு அப்படிப் போய் நின்றவர். திங்கட்கிழமை லீவு போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டினார். மயிலம்மாள் தைப்பூசப் புடவை. முருகையா தன் வேனில் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து நின்றான். எனக்கும் போகிற வழியில் நீலாயில் ஒரு வேலை இருந்ததால் ஏறிக்கொண்டேன். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நல்லவர்கள். வேன் நகரும்போது ராக்கம்மா ஓடிவந்து, பின் சீட்டில் ஏறி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அவன் வூட்டுல இல்ல. அடுப்படிப் பலகையப் பேத்துக்கிட்டு போயிட்டான்.”

யாரும் சிரிக்கவில்லை. முருகையாவைத் தவிர.

போன இடம் ஒரே கண்ணாடியும் குளிரும். நடைபாதையில் புஷ்பராணி ஒரு கண்ணாடிச் சுவரைக் காட்டினாள். உள்ளே இரும்புத் தட்டுகளில் வரிசையாகப் பெட்டிகள். சின்னச் சின்னதாய்ப் பச்சை விளக்குகள். ரப்பர் ஆலை அளவுக்கு ஏதோ ஒன்றை மனதில் கட்டி வைத்திருந்த மயிலம்மாள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “இதுக்கா?” என்றாள். “இதுக்கா நானும் அக்காவும் அந்தப் போடு போட்டோம்?” பின்னால் நின்ற ராக்கம்மா மூக்கை உறிஞ்சினாள். ‘அக்கா’ திரும்பி வந்துவிட்டதை நான் கவனித்துக்கொண்டேன்.

மெஷினுக்குப் பொறுப்பானவர் கனகசுந்தரம். சிலோன்காரர், அவருடைய அப்பா கெமாஸ் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவராம். மகனுக்கும் கிராணிமாரின் அதே மூக்குக்கண்ணாடி, அதே நேரான முதுகு. சன்னாசி அண்ணன் அவரைப் பார்த்ததும் ஆபீஸ் வாசலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

“உள்ள வாங்கோ. இருங்கோ.”

யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தவன் அர்ச்சுனன் ஒருத்தன்தான். நாங்கள் வருவதற்கு முன்பே வந்திருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“இந்தப் பெடியன் தான்தான் செய்தது எண்டு சொல்லிப்போட்டான்” என்றார் கனகசுந்தரம்.

“இல்ல சார்” என்றாள் புஷ்பராணி. “தப்பு என்னோடது. தோட்டத்துக்கே தெரிஞ்ச பேர வெச்சேன். அதயும் வாய் விட்டுச் சொன்னேன். மத்தவங்க யார் மேலயும் நான் புகார் குடுக்கல.”

“இல்லைங்க!” மயிலம்மாள் முன்னால் வந்துவிட்டாள். “நாந்தாங்க ஊரு பூரா சொன்னேன். அது எங்கிட்ட மட்டுந்தாங்க சொல்லுச்சு. பெத்தவகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லும்?”

“எங்க ஆளுங்கதான் சார்” என்றார் சன்னாசி அண்ணன் நிலைப்படியிலிருந்து. “நான் பொறுப்பு.”

“நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நான் ஒண்ணும் செய்யல சார். பொறுப்பு மட்டுந்தான்.”

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார். “எவ்வளவு காலமா இந்தக் கதிரையில இருக்கிறன். மெஷின் நிண்டால், நானில்லை நானில்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். இண்டைக்குத்தான் குற்றத்துக்குக் கியூ நிக்குது.” பிறகு மயிலம்மாள் பக்கம் திரும்பினார். “அப்பிடி என்ன சொல் அம்மா அது?”

மயிலம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தாள். “சொல்ல மாட்டேங்க” என்றாள் துணிக்குள்ளேயே. அவர் சிரித்தாரா என்று கேட்டால், சிரித்தார். ஓர் ஓரமாக, நான் பார்த்தேன்.

சிரித்தார் என்பதற்காகச் சட்டத்தை விட்டுவிடவில்லை. அர்ச்சுனன் படித்து முடிக்கும்வரை மெஷின் பக்கம் கை வைக்கக் கூடாது. தானாக வந்து ஒப்புக்கொண்டதால் பரீட்சை எழுதலாம். பாலத்தை மட்டும் வேறு வழியில் ஆட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். புஷ்பராணி சொல்லை யாருக்கும் கொடுக்கவில்லை, வாய் தவறித்தான் விட்டாள் என்பதால் அவள் கதவு ஒரு மாதம் மட்டும் மூடியிருக்கும். செத்த கணக்கு செத்ததுதான். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“அந்த மாதம் நீர் சும்மா இருந்து என்ன செய்யப்போறீர், பிள்ளை?” என்றார் பிறகு. “உங்கட தோட்டத்தில ஒரு சொல் எப்பிடிப் போச்சுதோ, இஞ்சயும் அப்பிடித்தான். ஒரு பேராசிரியற்ற சொல் அவற்ற மாணவர் எல்லாருக்கும் தெரியும். ஆர் உள்ள, ஆர் வெளிய எண்டு எனக்கே விளங்கேல்லை. சொல் எப்பிடிக் கசியும் எண்டு உமக்குத்தான் இப்ப நல்லாத் தெரியும். வந்திருந்து இதைச் சரிப்படுத்தும்.”

தன் கதவு மூடிக் கிடந்த மாதம் முழுக்க, மற்றவர்கள் கதவுக்குக் காவலாக உட்கார்ந்தாள் எங்கள் புஷ்பராணி. ஒருவருக்கு ஒரு பெயர், ஒரு பெயருக்கு ஓர் ஆள். சின்னக் கணக்குகள் பகலில் முந்திப் போகலாம். பெரிய கணக்குகள் பின்னால் காத்திருக்க வேண்டும். முதல் பட்டம் படிக்கிறவர்களுக்கும் சனி ஞாயிறில் கொஞ்சம் இடம். கேட்டு வருகிறவனுக்கு வாசலே இல்லையென்றால் சுவரைத்தான் ஏறிக் குதிப்பான் என்று கமிட்டியிடமே சொல்லி வாங்கினாளாம். ஒரு பெரிய பேராசிரியர் வந்து, என் மாணவர்களை ஏன் வெளியே தள்ளினாய், நான் யார் தெரியுமா என்று மலாயில் கத்தினார். இவளும் மலாயிலேயே நிதானமாகச் சொன்னாள்: உங்களை யாரென்று தெரியும் ஐயா, உங்கள் பெயரில் உள்ளே உட்கார்ந்திருக்கிற மற்றவர்கள் யாரென்றுதான் தெரியவில்லை.

இது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அர்ச்சுனன்தான் சொன்னான். அவன் வகுப்பு விட்டதும் அங்கே போய், ஒரு பட்டனையும் தொடாமல், அவளுக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். அவன் ராக்கம்மாவிடம் சொல்ல, ராக்கம்மா அதே லொங்காங் கரையில் நின்று அதே தொண்டையில் முழங்கினாள்: “எங்க புஷ்பா புரொபஸரையே வெளிய நிக்க வெச்சிட்டா லா!” மயிலம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தில் மட்டும் மினுமினுவென்று ஏதோ ஓடியது. வாய் திறந்தால் மகள் படிப்புக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். பெருமையடிப்பதற்கும் ஓர் ஆள் வைத்துக்கொண்ட முதல் பெண்பிள்ளை எங்கள் லயத்தில் அவள்தான்.

கதவு திறந்ததும் புஷ்பராணி வரிசையில் தனக்கு விழுந்த இடத்திலேயே நின்றாள். காவலுக்கு இருந்தவள் முந்தவில்லை. உதவித்தொகை முடிவதற்குள் கணக்கு முடிந்தது. தடியான அட்டை போட்ட ஆய்வேட்டைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். லயமே கைமாற்றிப் பார்த்தது. நடுப்பக்கம் ஒன்றில் நூல்கண்டைக் கலைத்துப் போட்டமாதிரி ஒரு படம். “இதுதான் பாலா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். “பாலுக்கு உள்ள, மாமா” என்றாள். அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் விடவில்லை. மறுநாள் வெட்டுக்குப் போனவர், கோப்பையில் சொட்டுகிற பாலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு நிரை மரம் தாமதம் என்று சன்னாசி அண்ணனிடம் பேச்சு வாங்கினார்.

அர்ச்சுனனுக்கும் புஷ்பராணிக்கும் கல்யாணம் என்று லயத்தில் எல்லாரும் முடிவுசெய்திருந்தோம். நான் என்ன புடவை கட்டுவது என்பதுவரை யோசித்துவிட்டேன். அவர்கள் இருவரும் அப்படி யோசிக்கவில்லை போலிருக்கிறது. அவன் ஒரு தவணை தாமதமாகத் தேறி, கெமாஸ் ரயில்வேக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு, ஜொகூரில் நிஜப் பாலம் கட்டப் போனான். ராக்கம்மாவும் கூடவே போனாள். புஷ்பராணி பினாங்கில் இன்னொரு பல்கலைக்கழகத்து மெஷினுக்குப் பொறுப்பாளராகப் போய், அங்கே பாடம் நடத்திய சோலையப்பனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பிள்ளை. அதற்கு இரண்டு பக்கமும் நடந்த சண்டையை எங்கள் லொங்காங் தாங்கியிருக்காது. தோட்டம் வீடு கட்டுகிற கம்பெனிக்குக் கைமாறியபோது சன்னாசி அண்ணனும் மயிலம்மாளும் மகளோடு போய்விட்டார்கள். எங்களுக்கு நீலாயில் ஒரு மாடி வீடு; பக்கத்து வீட்டுக்காரியின் பெயர்கூட இன்னும் சரியாகத் தெரியவில்லை. என்னைப் போன்றவளுக்கு இது தண்டனைதான்.

ஒரு பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு ஆகியிருந்தது. மெஷினில் ஏதோ கோளாறு என்று போன் வர, புஷ்பராணி கூடத்து மூலையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பயத்தங்காய் கிள்ளிக்கொண்டிருந்த மயிலம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து, புருஷனின் தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பி, தானும் திரும்பி நின்றுகொண்டாள். பெண்பிள்ளை துணி மாற்றும்போது திரும்பிக்கொள்வோமே, அப்படி. நான் மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீயும் திரும்பு லா” என்றாள் மயிலம்மாள்.

நானும் திரும்பினேன். எங்கள் மூன்று பேர் முகத்துக்கும் நேராக வெள்ளைச் சுவர். பின்னால், மழை தொடங்கும்போது தகரக் கூரையில் விழுகிற முதல் சில துளிகளைப் போல, டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.